வீட்டு வாடகையை நிர்ணயிப்பது யார்?

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)







இன்றைய தலைப்பைக் கேட்டதும், "ஹஜ்ரத் எப்போதிலிருந்து வீட்டுத் தரகர் ஆனார்?" என்று ஒரு தம்பி சிரித்தார். சிரித்துக் கொள்ளுங்கள், பரவாயில்லை. இடஒதுக்கீடு பற்றிப் பேசுகிறோம், வக்ஃபு பற்றிப் பேசுகிறோம், பாலஸ்தீனம் பற்றிப் பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் நிக்காஹ் நிச்சயமான இளைஞன் ஜமாஅத்துக்கு வந்து முதலில் கேட்பது என்ன? "எங்காவது ஒரு வீடு கிடைக்குமா?" என்றுதானே கேட்கிறான்! தியாகராய நகரில் துணிக்கடையில் நிற்கிறவன், அடையாறில் கணினி நிறுவனத்தில் உட்காருகிறவன், மயிலாப்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன் எல்லோருக்கும் அதே கேள்வி. இந்தக் கேள்விக்கு நாம் பதில் தேடியதில்லை. "நஸீப்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

நஸீப் மட்டும் அல்ல சகோதரர்களே! இதற்கென்று ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது. அதை எழுதியவர்கள் மனிதர்கள். மனிதர்கள் எழுதியதைத் திருத்தவும் முடியும். அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பெயர் கேட்கும் வீட்டுக்காரர்

மந்தைவெளியில் "வாடகைக்கு விடப்படும்" என்று பலகை தொங்குகிறது. நீங்கள் போகிறீர்கள். சம்பளச் சீட்டு இருக்கிறது, பத்து மாத முன்பணம் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயரைக் கேட்கிறார். சொல்கிறீர்கள். முகம் மாறுகிறது. "நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்கிறார். பலகை மட்டும் அடுத்த மாதமும் தொங்கிக் கொண்டிருக்கிறது! சிலர் இன்னும் நாகரிகமாக, "நாங்க சைவக்காரங்களுக்குத்தான் கொடுக்கிறது" என்பார்கள். அந்தச் சொல் நம்மோடு நிற்பதில்லை. தலித் சகோதரனையும் மீனவச் சகோதரனையும் சேர்த்தே அது வாசலில் நிறுத்துகிறது. வீடு வாடகைக்கு எடுப்பதில் முஸ்லிம்கள் படும் பாட்டை 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு, மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசுக்குத்தான் கட்டளையிடுகிறது. தனிப்பட்ட வீட்டுக்காரரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தொடர்பான வழக்கில், தன் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்று ஒரு சங்கம் வைத்துக் கொள்ளலாம் என 2005-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகவே வீட்டுக்காரர் மீது வழக்குப் போட்டு வீடு பிடிக்கலாம் என்று எவரும் உங்களுக்கு ஆசை காட்ட வேண்டாம்.

வணிகர்களே, உங்களுக்குப் புரியும் கணக்கில் கேட்கிறேன். ரமலான் கடைசிப் பத்தில் உஸ்மான் சாலையில் துணிக்கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைக் கூடப் பார்ப்பதில்லை. "வேணும்னா எடு, இல்லேன்னா நகரு" என்கிறார். அதே கடைக்காரர் ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய மந்த நாளில் நாற்காலி போட்டு, குளிர்பானம் கொடுத்து உபசரிக்கிறார். ஆள் அவரேதான். சரக்குக்கும் கூட்டத்துக்கும் உள்ள விகிதம்தான் மாறியிருக்கிறது. ஒரு வீட்டுக்கு இருபது பேர் வரிசையில் நின்றால், வீட்டுக்காரருக்கு ஜாதி கேட்க வசதி இருக்கிறது, மதம் கேட்க வசதி இருக்கிறது, அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்கவும் வசதி இருக்கிறது. இருபது வீடு காலியாகக் கிடந்து, கேட்டு வருபவர் ஒருவர்தான் என்றால்? வெறுப்பு அவர் நெஞ்சில் அப்படியே இருக்கலாம். ஆனால் அந்த வெறுப்புக்காக மாதா மாதம் வாடகையை இழக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

அப்படியானால் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் வீடு ஏன் இத்தனை அருமைப் பொருளாகிவிட்டது? "இடம் இல்லை" என்பார்கள். முழு உண்மை அதுவல்ல.

ஒரு கிரவுண்டு கணக்கு

தியாகராய நகர் இருக்கும் இடத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஏரி இருந்தது. நீண்ட ஏரி என்று அதற்குப் பெயர். 1920-இல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-இல் ஏரியை வடிக்கத் தொடங்கி, மனைகளாக்கி, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைச் சூட்டினார்கள். ஏரி போனதன் பலனை ஒவ்வொரு மழைக்கும் மாம்பலம் அனுபவிக்கிறது, அது வேறு கதை. அடையாறு காந்தி நகர் சுதந்திரத்துக்குப் பிறகு கூட்டுறவுச் சங்கம் உருவாக்கிய குடியிருப்பு. இரண்டும் தோட்டம் வைத்த தனி வீடுகளுக்காக அளந்து பிரிக்கப்பட்டவை. அதாவது தொடக்கத்திலேயே மனையின் அளவைக் கொண்டு, யார் இங்கே வரலாம் என்று ஒரு கோடு போட்டாயிற்று.

பிறகு 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1974-இல் சட்டப்பூர்வ அமைப்பானது இன்று நாம் சி.எம்.டி.ஏ. என்று அழைக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அதன் முதல் முழுமைத் திட்டம் எழுபதுகளில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் வந்தது. எந்த நிலத்தில் வீடு, எந்த நிலத்தில் கடை, எங்கே தொழிற்சாலை, எத்தனை மாடி, எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றையும் சொல்வது இந்தத் திட்டமும் அதன் வளர்ச்சி விதிகளும்தான்.

இதில் உயிர்நாடியானது தளப்பரப்புக் குறியீடு. பில்டர்கள் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2008 விதிப்படி சாதாரணக் கட்டடத்துக்குக் குறியீடு 1.5. ஆகவே எல்லா மாடிகளும் சேர்த்து 3,600 சதுர அடிதான் கட்டலாம். ஒரு கணக்குக்காக அந்த மனையின் விலை மூன்று கோடியே அறுபது லட்சம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு செங்கல் கூட வைப்பதற்கு முன்பே, வீட்டின் ஒவ்வொரு சதுர அடி மேலும் பத்தாயிரம் ரூபாய் நிலப் பாரம் ஏறி உட்கார்ந்து கொள்கிறது! சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் அதற்கு மேல்.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இந்தக் குறியீட்டை 2 ஆக உயர்த்தின. அதே மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். நிலப் பாரம் ஏழாயிரத்து ஐந்நூறாகக் குறைய வேண்டும். குறைந்ததா? நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்கிறது! மனைக்காரர் முட்டாள் அல்லர். அதிகம் கட்டலாம் என்று தெரிந்ததும் அவரும் விலையை ஏற்றுவார். ஆகவே, குறியீட்டை உயர்த்தினால் விலை தானாக விழும் என்று பில்டர்கள் பேசும் பேச்சை நான் அப்படியே நம்பச் சொல்லவில்லை. அந்த மனையில் எந்த அளவு வீடு எழும்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 4,800 சதுர அடியில் அறுநூறு சதுர அடி வீடுகள் எட்டு கட்டலாம். ஆயிரத்து இருநூறு சதுர அடி வீடுகள் நான்கும் கட்டலாம். அடையாறில் எதைக் கட்டுகிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

நான்காகவே கட்டுவதற்கு விதியும் உதவி செய்கிறது. தெருவின் அகலத்தைப் பொறுத்துத்தான் உயரமும் வீடுகளின் எண்ணிக்கையும். வீட்டின் பரப்பைக் கணக்கிட்டு கார் நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும். ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், ஏறத்தாழ 135 சதுர அடி. கார் உள்ளே வரவும் திரும்பவும் வேண்டிய வழி தனி. தென்மாவட்டத்திலிருந்து வந்து கூலிக்கு நிற்கும் குடும்பம் படுத்துறங்கும் அறையின் பரப்பு அது! டி.வி.எஸ். வண்டியில் போகிறவன், தான் வாங்கப் போகாத காருக்கும் வீட்டு விலையில் வாடகை கொடுக்கிறான். காருக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் அதிகாரி, கடைச் சிப்பந்திக்கு எங்கே இடம் என்று கேட்பதில்லை. அந்தச் சிப்பந்திகள் எங்கே இருக்கிறார்கள்? திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில். மேற்கு மாம்பலத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர். கடைக்குப் பின்னால் முதலாளி பிடித்துக் கொடுத்த இடத்தில் பாய்.

ஏழு முழம்

"அப்படியானால் விதியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். அல்லாஹ் காப்பாற்றட்டும்! விதி இல்லாத ஊர் ஊராகாது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வந்த கூலித் தொழிலாளிகள். தியாகராய நகரில் 2017 மே 31 அன்று ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்தபோது, தீயணைப்பு வண்டிகள் பட்ட பாட்டை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

நம் மார்க்கத்துக்கு இது புதிதும் அல்ல. பாதையின் அகலம் பற்றித் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் கூஃபா நகரை அமைத்தபோது பெருவழி நாற்பது முழம், சந்து ஏழு முழம் என்று அளந்து கொடுத்ததை வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். வீட்டை வானளாவ உயர்த்தாதீர்கள் என்றும் அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் தன் உத்திரத்தை உன் சுவரில் பதிக்க வந்தால் தடுக்காதே என்றும் சொன்னார்கள். பார்த்தீர்களா! பாதையை அடைக்காதே என்பது ஒரு விதி, அண்டை வீட்டானின் கூரையைத் தடுக்காதே என்பது இன்னொரு விதி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தீங்கு செய்யாதே. தீயணைப்பு வண்டி நுழையவும், காற்று வரவும், மழைநீர் இறங்கவும் போடும் விதி முதல் வகை. அதைத் தலைமேல் வைத்துக் கொள்வோம். சின்ன வீடு வந்தால் தெருவின் "அந்தஸ்து" குறையும் என்று நினைத்துப் போடும் விதியையோ, நினைக்காமலே போட்டு அப்படி முடிகிற விதியையோ மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பதுக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. பதுக்குபவன் பாவி என்ற ஹதீஸை உணவுப் பொருளுக்கு மட்டும் என்று எடுத்துக் கொண்ட இமாம்கள் உண்டு. இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களோ, எதைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குக் கேடு விளையுமோ அதெல்லாம் பதுக்கலே என்றார்கள். விலை ஏறட்டும் என்று ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்திருக்கும் பிளாட்டுகளின் சொந்தக்காரர்களில் நம்மவரும் உண்டு. வெளிநாட்டிலிருந்து இந்த ஏட்டை வாங்கிப் படிக்கும் சகோதரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

விதிவிலக்கு யாருக்கு?

இப்போது வணிகர்கள் காதைத் தீட்டிக் கொள்ளுங்கள். விதி எல்லோருக்கும் ஒன்று, விதிவிலக்கு மட்டும் சிலருக்கு என்பதுதான் நம் நகரத்தின் கதை.

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அதன்படி வழங்கப்பட்ட பல விலக்கு ஆணைகளை, தகுந்த காரணமின்றி வழங்கப்பட்டவை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இதற்கிடையில் 1998-இல் 113-ஏ என்ற புதிய பிரிவு வந்தது. விதிமீறிய கட்டடமா, கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக் கொள். ஒருமுறைச் சலுகை என்றார்கள். பிறகு காலக்கெடுவை நீட்டிக் கொண்டே போனார்கள். அந்த நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2007-இல் அவசரச் சட்டம். 2012-இல் மறுபடி சட்டத் திருத்தம். நடுவில் 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு வந்த சீல் அது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடு கடைகள் திறந்தன.

இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது எது? பெரிய கடைக்காரருக்கு டெல்லி வரை போக வழக்கறிஞர் இருந்தார். அதே கட்டடத்தில் ஒரு மூலையில் பெல்ட்டும் பர்சும் விற்ற உள்வாடகைக்காரருக்கு யார் இருந்தார்கள்? அந்த இரண்டரை மாதம் அவருக்குக் கடையும் இல்லை, கூலியும் இல்லை. கட்டட உரிமையாளரின் விதிமீறலுக்குத் தண்டனை அனுபவித்தவர் அவர்!

இப்போது விலக்கை முறைப்படுத்தி விலைக்கே விற்கிறார்கள். அதற்குப் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். வழிகாட்டி மதிப்பைக் கொண்டு கணக்கிட்டுக் கட்டணம் செலுத்தினால், அனுமதித்த குறியீட்டுக்கு மேலும் கட்டலாம். சாலை அகலமாக ஆக, வாங்கக் கூடிய சதவீதமும் கூடும். உயர்மாடிக் கட்டடமானால் 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் அடிப்படைக் குறியீடே 3.25. ஆக, அகலச் சாலையில் பெரிய மனை வைத்திருப்பவருக்கு விதியும் தாராளம், விலைக்கு வாங்கவும் வழி. மயிலாப்பூர்ச் சந்தில் முக்கால் கிரவுண்டில் நான்கு அண்ணன் தம்பிகள் மாடி எழுப்ப நினைத்தால் விதி கறார். அந்தக் கூடுதல் உயரம் ஊருக்கு ஆபத்து என்றால் காசு கொடுத்தாலும் ஆபத்துதானே? ஆபத்தில்லை என்றால் ஏழைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் எந்தக் கட்சிக்காரரிடமும் கேட்கத் தயார். ஏனென்றால் மேலே சொன்ன ஆண்டுகளில் இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆட்சியில் இருந்தன.

இருபது கிலோமீட்டர்

வாடகைக்குக் கிடைக்காதவன் எங்கே போகிறான்? கூவக்கரை, அடையாற்றங்கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை. 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகர மக்களில் சுமார் 29 சதவீதம் பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 9.45 சதவீதம். இரண்டு கணக்கும் எங்கே எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது என்று அறிய, உங்கள் மஹல்லாவில் ஜகாத் கேட்டு வருவோரின் முகவரிகளைப் பாருங்கள்.

அங்கிருந்தும் அகற்றப்படுகிறார்கள். 2000-இலிருந்து கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில் பெரும்பாக்கம். 2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த பெண், விடியற்காலை பேருந்துக்கு நின்றால் எத்தனை வீட்டுக்கு வந்து சேர முடியும்? மகனின் பள்ளி இங்கே, வீடு அங்கே. மயிலாப்பூரில் சமைக்க ஆள் வேண்டும், அடையாறில் காவலுக்கு ஆள் வேண்டும், தியாகராய நகரில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். அந்த ஆள் இரவில் மட்டும் அங்கே இருக்கக் கூடாது!

2008 விதிகளில் ஒரு நல்ல வரி இருந்தது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்புக் கட்டினால், பத்து சதவீத நிலத்தை ஒதுக்கி, குறைந்த வருவாயினருக்கான சிறு வீடுகளைக் கட்டித் தர வேண்டும். அந்த இடத்திலேயே, அல்லது இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள். ஆனால் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் நாலு ஏக்கர் அல்ல, பத்தாயிரம் சதுர மீட்டரான இரண்டரை ஏக்கர் கூட ஒரே மனையாகக் கிடைப்பது எத்தனை? விதி இருந்தது, விதிக்கு அகப்படும் மனைதான் இல்லை.

பெயர் சொல்லாத சட்டம்

"இந்த விதிகளில் எங்கும் முஸ்லிம் என்ற சொல்லே இல்லையே ஹஜ்ரத்?" என்கிறீர்கள். இல்லைதான். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சட்டம் இருந்தது. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். அவ்வளவுதான். சீனர் என்ற சொல் அதில் கிடையாது. சீனர்கள் சுமார் இருநூறு பேர் விண்ணப்பித்தார்கள், அத்தனையும் மறுக்கப்பட்டன. வெள்ளையருக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் அனுமதி கிடைத்தது. 1886-இல் யிக் வோ என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது பாரபட்சமே என்று சொன்னது. பிறகு 1917-இல், கறுப்பருக்கு இந்தத் தெரு, வெள்ளையருக்கு அந்தத் தெரு என்று பிரித்த லூயிவில் நகரச் சட்டத்தையும் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. பல நகரங்கள் வேறு வழி கண்டன: ஒரு மனைக்கு ஒரே குடும்பம், மனை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றன. நிறத்தைப் பேசவில்லை, நிலத்தின் அளவைப் பேசின. அந்த மனையை வாங்கக் காசில்லாதவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? நூறாண்டு கழித்து 2018-இல்தான் மின்னியாபொலிஸ் நகர மன்றம், ஒரு மனையில் மூன்று வீடு வரை கட்டலாம் என்று முடிவெடுத்தது.

நம் நாட்டிலேயே பெயர் சொல்லாத சட்டத்துக்கு உதாரணம் குஜராத்தின் பதற்றப் பகுதிகள் சட்டம். 1991 முதல் நடப்பிலுள்ள அந்தச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பகுதியில் வீட்டை விற்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். கலவர அச்சத்தில் மக்கள் அடிமாட்டு விலைக்கு விற்றுவிடக் கூடாது என்று வந்த சட்டம், ஒரு முஸ்லிம் தன் மஹல்லாவுக்கு வெளியே வீடு வாங்க முடியாதபடி செய்யும் பூட்டாக மாறிப் போனது. சென்னை அந்த நிலையில் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! மயிலாப்பூர் கச்சேரி சாலையில் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி கபாலீசுவரர் கோயிலும், சாந்தோம் தேவாலயமும் நடை தூரத்தில் இருக்கும் ஊர் இது. அந்த நடை தூரத்தில் தொழ வருகிறவன் குடியிருக்க முடியாமல் போகிறதே என்பதுதான் என் கவலை.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

முதவல்லிகள் கோபித்துக் கொள்ளக் கூடாது. இராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் வக்ஃபு மனைகளில் ஒற்றை மாடிக் கடைகள் பழைய வாடகையில் கிடக்கின்றன. விதிப்படியே மேலே இரண்டு மாடி எழுப்பிச் சிறு வீடுகள் கட்டலாம். கட்டவில்லை. வக்ஃபு நிலத்தை அடுத்தவன் பறிக்கிறான் என்று கொடி பிடிக்கிறோம். 2025-இன் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்றோம், அதன் சில பிரிவுகளுக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எல்லாம் சரி. பறிக்கப்படாத நிலத்தில் நாம் என்ன கட்டினோம்?

இன்னொன்று. கோயம்பேட்டில் சி.எம்.டி.ஏ. நிலத்தில் திட்ட அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்று சொல்லப்பட்ட பள்ளிவாசல்–மத்ரசா கட்டடத்தை அகற்றும் உத்தரவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தச் செய்தியைப் படித்து எத்தனை பேர் கண்ணீர் விட்டோம்! கண்ணீருக்கு முன்பு வரைபடம் கொடுத்திருக்க வேண்டும். தொழுகைக்கு ஒளு எப்படியோ, கட்டடத்துக்குத் திட்ட அனுமதி அப்படி. அது இல்லாமல் நிற்கும் மத்ரசாக்கள் எவையெவை என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் இப்போதே கணக்கெடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடி ஓடுவது நம் பழக்கமாகிவிட்டது.

நெருங்கி வரும் வாய்ப்பு

இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. மூன்றாவதற்கான தயாரிப்பு சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை அதுதான் எழுதப் போகிறது. 2022-இல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். "வெளியே போ, இடம் நிறைய இருக்கிறது" என்று ஏழையிடம் சொல்ல இப்போது இன்னும் வசதி! கச்சேரி சாலை, மந்தைவெளி, அடையாறு வழியாக மெட்ரோ இரயில் பாதை போடுகிறார்கள். நிலையம் வரும் இடத்தில் நிலத்தின் விலை எகிறும். அந்த நிலையங்களைச் சுற்றி உயரத்துக்கு அனுமதி கூட்டிக் கொடுக்கும்போது, சிறு வீடுகள் இத்தனை பங்கு என்று கட்டாயமாக்கச் சொல்ல வேண்டும். காசு வாங்கிக் கொண்டு உயரத்தை விற்கிற அரசு, அந்தக் காசில் அதே வட்டாரத்தில் வாடகை வீடு கட்டச் சொல்ல வேண்டும். பெரும்பாக்கத்தில் கட்டினால் போதாது. பேருந்தும் இரயிலும் இருக்கிற இடத்தில் கார் நிறுத்தக் கட்டாயத்தைச் சிறு வீடுகளுக்கு நீக்கச் சொல்ல வேண்டும். இதைக் கேட்பதற்கு நாம் முஸ்லிமாக மட்டும் போக வேண்டியதில்லை. நொச்சிக்குப்பத்து மீனவரும் கோவிந்தசாமி நகர்க்காரரும் நம்மோடு வருவார்கள். வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா என்பதுதான் விஷயம்.

சொந்த மனை வைத்திருப்போருக்கு ஒரு தகவல். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ கொண்ட வீட்டுக்கு, சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனே அனுமதி கிடைக்கிறது. தரகருக்குக் கொடுக்கும் பணத்தைச் செங்கல்லுக்குக் கொடுங்கள். ஆனால் கொடுக்கும் விவரம் உண்மையாக இருக்கட்டும், கையெழுத்து உங்களுடையது.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் சி.எம்.டி.ஏ. அலுவலகம் இருக்கிறது. 2005 தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதுங்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. எத்தனை கட்டடங்களுக்கு விற்கப்பட்டது, எவ்வளவு வசூலானது, அந்தப் பணம் எங்கே செலவானது, பத்து சதவீத விதியின்படி சிறு வீடுகள் எத்தனை கட்டப்பட்டன, எந்த முகவரியில் என்று கேளுங்கள். நான்கு கேள்விதான். பதில் வந்ததும் நகல் எடுத்து மஹல்லா அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் முப்பது நாள் கழித்து மேல்முறையீடு செய்யுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் இஷாவுக்குப் பிறகு இருங்கள், இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.